நானூற்றுப் பன்னிரண்டாவது முதல் பாட்டு

இசைத்தட்டை விளிம்பைப் பிடித்துத்தான் எடுக்க வேண்டும். நடுவில் இருக்கும் ஓட்டைக்குள் விரலை விட்டுக்கொள்ளலாம், தப்பில்லை. ஆனால் தட்டின் முகத்தில் கட்டைவிரலை வைத்து அழுத்துகிறவனை நான் என் கடையிலிருந்து வெளியே அனுப்பியிருக்கிறேன். டிடெக்டிவ் வோஜிக் இன்று காலை ஒரு பழுப்பு உறையைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். ஏழு அங்குலச் சதுரம், தட்டை. உள்ளே ஒரு சிங்கிள், பக்கத்துக்கு ஒரே பாட்டு வரும் சின்னத் தட்டு, இருக்கிறது என்று எனக்குத் தெரியாதா? உறையின் நட்டநடுவில் அவருடைய கட்டைவிரல். பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை, சொல்லிவிட்டேன்.

"மொதல்ல நீங்க எழுதி முடிங்க, மிஸ்டர் ஹான். அப்புறம் இதப் பிரிக்கலாம்," என்றார்.

ஆகவே எழுதுகிறேன். வாயால் சொல்லத்தான் சொன்னார்கள். இந்த அறையில் இருக்கும் டேப் ரெக்கார்டரின் ஒலித்தரம் சகிக்கவில்லை என்பதால் எழுதித் தருகிறேன் என்றேன். மஞ்சள் தாளும் பேனாவும் வந்தன. காபியும் ஜெல்லி டோனட்டும் வந்தன. டோனட்டை ஒதுக்கி வைத்திருக்கிறேன். அதற்குக் காரணம் பின்னால் வரும்.

என் பெயர் நார்பர்ட் ஹான். வயது நாற்பத்தாறு. பஃபலோவில், பிராட்வே தெருவில், பதினாறு வருடமாக ரெக்கார்டு கடை வைத்திருக்கிறேன். சுற்றுவட்டாரம் முழுக்கப் போலந்துக்காரர்கள். அவர்கள் வாங்குவது போல்கா என்கிற கல்யாண ஆட்டப் பாட்டு. எனக்கோ அக்கார்டியன் சத்தம் கேட்டாலே பல் கூசும். ஆனாலும் கடை நடக்க வேண்டுமே. ஆகவே கதவுக்குப் பக்கத்தில், எல்லாருடைய பூட்ஸிலிருந்தும் பனி உருகிச் சொட்டுகிற மூலையில், ஒரு மரப்பெட்டியைப் போட்டு 'போல்கா, இத்யாதி' என்று எழுதி ஒட்டினேன். போல்கா ஜனங்கள் வருவார்கள், குனிந்து கிளறுவார்கள், எடுத்துக்கொண்டு போவார்கள். விலைச்சீட்டு ஒட்டுவதற்காக வாரம் ஒருமுறை அந்தப் பெட்டிக்குள் கை விடுவேன். கண்ணை விட்டதில்லை.

என் கண் இருப்பதெல்லாம் சுவரில். கல்லாவுக்குப் பின்னால் உள்ள சுவர் முழுக்க முதல் சிங்கிள்கள். 1980 ஜனவரியிலிருந்து வெளிவந்த பாப் பாடகிகளின் முதல் சிங்கிள் மட்டும். ஆண்கள் கிடையாது, ஆண்களுக்கு முதல் பாட்டிலேயே தொந்தி விழுந்துவிடுகிறது. குழுக்கள் கிடையாது. இரண்டாவது சிங்கிள் எந்தக் காலத்திலும் கிடையாது. தேதிவாரியாக நானூற்றுப் பன்னிரண்டு. எதுவும் விற்பனைக்கு இல்லை.

முதல் சிங்கிள் என்றால் என்ன என்று யாரும் யோசிப்பதில்லை. ஒரு பெண் நேற்றுவரை ஏதோ ஒரு ஊரில் பல் டாக்டரிடம் உதவியாளராக இருந்திருப்பாள். யாரோ அவள் தலைமுடியை ஒரு முழம் உயர்த்தி, ஒரு டப்பா ஸ்ப்ரே அடித்து, தோளுக்குள் இரண்டு தலையணைகளைச் செருகி, இதைப் பாடு என்று நிறுத்துகிறான். பாட்டு ரோலர் ஸ்கேட்டைப் பற்றியது. அர்த்தம் கிடையாது. பின்னால் டிரம் சத்தம் தகர டப்பாவை மாடியிலிருந்து உருட்டினாற்போல. ஆனால் அந்தக் குரலில் ஒரு பசி இருக்கும் பாருங்கள். மறுபடி பல் டாக்டரிடம் போகக் கூடாது என்கிற பசி. அந்த மூன்றரை நிமிடத்தில் அவளைவிட உண்மையானவள் இந்த நாட்டில் கிடையாது. இதை நான் சும்மா சொல்லவில்லை, கண் கலங்கித்தான் எழுதுகிறேன்.

பிறகு இரண்டாவது சிங்கிள் வரும். அதற்குள் அவளுக்கு மேனேஜர் வந்திருப்பான், கருத்துகள் வந்திருக்கும். ரோலர் ஸ்கேட் பாடியவள் மழைக்காடுகளைக் காப்பாற்றக் கிளம்பிவிடுவாள். உறைப்படத்தில் கறுப்பு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு கன்னத்தில் கை வைத்திருப்பாள். நானூற்றுப் பதினொரு முறை இதைப் பார்த்தவன் நான். ஒவ்வொரு முறையும் எனக்கு ஜுரம் வந்திருக்கிறது.

நான் எடுத்த எடுப்பில் யாருக்கும் கெடுதல் நினைப்பவன் அல்ல. முதலில் சின்ன அளவில்தான் முயன்றேன். என் கடை கணக்கில் எடுக்கப்படும் கடை. அதாவது, நாட்டில் எந்தப் பாட்டு மேலே, எந்தப் பாட்டு கீழே என்று பட்டியல் போடும் வார இதழ் ஒன்று திங்கட்கிழமைதோறும் என்னைப் போல் சில கடைக்காரர்களுக்குப் போன் செய்யும். லினெட் என்ற பெண் கூப்பிடுவாள்.

"என்ன நார்ப், இந்த வாரம் ஒங்க கடையில யாரு மேல?"

நான் சொல்வதை அவள் எழுதிக்கொள்வாள். அவ்வளவுதான். யாரும் சரிபார்ப்பதில்லை. கம்பெனிக்காரர்கள் இது தெரிந்துதான் எங்களுக்கு ஜாக்கெட்டும் ஹாக்கி டிக்கெட்டும் அனுப்புகிறார்கள். நான் ஜாக்கெட்டுக்கு மயங்கியவன் இல்லை. முதல் சிங்கிள் என்றால் மேலே சொல்வேன். இரண்டாவது என்றால் சொல்ல மறந்துவிடுவேன். அது போதாதபோது இரண்டாவது சிங்கிள்கள் வந்த அட்டைப்பெட்டிகளை ரேடியேட்டரின் மேல் வைத்தேன். தட்டுகள் அப்பளமாக நெளிந்துவிடும், திருப்பி அனுப்பிவிடலாம். அதுவும் போதாதபோது ரேடியோ நிலையங்களுக்கு, நான்கு குழந்தைகளின் தாய் என்று கையெழுத்திட்டு, பாட்டு ஆபாசமாக இருப்பதாகக் கடிதம் எழுதினேன். மழைக்காட்டுப் பாட்டுக்கும் எழுதினேன். நிறுத்திவிட்டார்கள். இதில் எதற்கும் என்னை யாரும் கைது செய்யவில்லை என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டுகிறேன்.

டீனா பிளேரை நான் முதன்முதலில் பார்த்தது போன வருடம், 1987 மார்ச்சில், ஒரு உறைப்படத்தில். பத்தொன்பது வயது. ஊதா நிறத்தில் கண் மை. பாட்டின் பெயர் 'லிஃப்டில் ஒரு நிமிடம்'. கேட்ட பத்தாவது விநாடியில் எழுந்து நின்றுவிட்டேன். என் காது அப்படி. யார் பெரிய ஆளாக வருவார் என்பதை முதல் பாட்டின் முதல் மூச்சில் சொல்லிவிடும். இந்த ஊரில் வேறு யாருக்கும் அந்தக் காது கிடையாது. பிறகுதான் அவள் இந்த ஊர்ப் பெண்ணே என்று தெரிந்தது. பக்கத்தில் சீக்டவாகாவில் வீடு, இயற்பெயர் டனூட்டா பிலார்ஸ்கி. அந்தப் பெயரோடு லிஃப்டில் ஏற முடியாது என்று கம்பெனியில் மாற்றியிருப்பார்கள்.

பதினொரு வாரம் தொடர்ந்து லினெட்டிடம் டீனா பிளேர்தான் முதலிடம் என்று சொன்னேன். நான்கு தட்டு விற்றிருக்கும், அதில் இரண்டை வாங்கியது நான். ஆனால் மற்ற ஊர்க் கடைக்காரர்கள் பட்டியலைப் பார்த்துப் பயந்துபோய் வாங்கி வைத்தார்கள், ரேடியோக்கள் போட்டன, கோடைக்குள் அவள் ஊர் ஊராக மால்களில், நீரூற்றுக்கும் செருப்புக் கடைக்கும் நடுவே, டேப்பை ஓடவிட்டுப் பாடிக்கொண்டிருந்தாள். ஒரு பெண்ணுக்கு நான் இதைச் செய்தேன். அவள் மறக்கவில்லை. கிறிஸ்துமஸுக்கு எனக்கு ஒரு பெட்டி ஸ்பாஞ்ச் மிட்டாய் அனுப்பினாள்.

ஜனவரியின் கடைசிச் சனிக்கிழமை அவள் கடைக்கே வந்தாள். மதியம் கையெழுத்துப் போடும் நிகழ்ச்சி. காலையிலிருந்தே ஏரிப் பக்கமிருந்து பனி கொட்டிக்கொண்டிருந்தது, மேனேஜரின் விமானம் வரவில்லை. ஆனாலும் அறுபது எழுபது பேர் வந்து நின்றார்கள். உள்ளே நுழைந்தவள் கதவருகே போல்கா பெட்டிக்கு முன்னால் குனிந்து, ஏதோ கிளறிவிட்டுத் தனக்குத்தானே சிரித்துக்கொண்டாள். பூட்ஸ் கயிறு அவிழ்ந்திருக்கும் என்று நினைத்தேன். நேராக என்னிடம் வந்து கட்டிக்கொண்டாள்.

"நார்ப்! நீங்க மட்டும் இல்லேன்னா நான் இன்னமும் எங்க சித்தப்பா கடையில சாஸேஜ் சுத்திட்டு இருந்திருப்பேன். எங்க அம்மா தினம் ஒங்களுக்காக ஜெபம் பண்றாங்க, தெரியுமா?"

"அம்மாவ சிரமப்படுத்தாத," என்றேன்.

"சிரமமா? அவங்களுக்கு அதான் பொழுதுபோக்கே!"

நல்ல பெண். அதை நான் மறுக்கவே இல்லை. இரண்டரை மணிக்குக் கூட்டம் கலைந்ததும் பின்னறையில் உட்கார வைத்துக் காபி கொடுத்தேன். அப்போது கைப்பையிலிருந்து ஒரு கேசட்டை எடுத்து நீட்டினாள்.

"புதுசு. வர்ற மாசம் வருது. கம்பெனிக்கு வெளியில மொத ஆளா நீங்கதான் கேக்கணும்."

பாட்டின் பெயர் 'அப்பாவின் கோட்டு'. இரும்பு ஆலையை மூடிய நாளன்று அவள் அப்பா கோட்டைக் கழற்றிக் கொக்கியில் மாட்டிவிட்டு அதன்பின் அதைப் போடவே இல்லை என்பதுதான் விஷயம். டிரம் இல்லை. ஒரு பியானோ, இவள் குரல், அவ்வளவுதான். நான் இங்கே நேர்மையாக இருக்க விரும்புகிறேன். பாட்டு நன்றாக இருந்தது. நான் அழுதேன். அவளும் அழுதாள், அவள் அழுததற்குக் காரணம் வேறு. மழைக்காடு என்றால் ஒரு கடிதத்தில் முடித்திருப்பேன். நெளியவைத்தாலும் மறைத்தாலும் இந்தப் பாட்டை ஒன்றும் செய்ய முடியாது என்று தெரிந்துவிட்டது. இது வெளியானால் லிஃப்ட் பாட்டை எல்லாரும் அவளுடைய விளையாட்டுத்தனம் என்பார்கள். அவளே சொல்லுவாள், பேட்டியில், சிரித்துக்கொண்டு. என் சுவரில் இருந்த அந்தப் பெண்ணைப் பற்றி.

எனக்கு அப்போது கோபம் இல்லை. அதை டிடெக்டிவ் இரண்டு முறை கேட்டார். கோபம் இல்லை, கவலைதான்.

அவளை வீட்டில் இறக்கிவிடுவதாகச் சொன்னேன். வெள்ளிக்கிழமை வறுத்த மீன் மிச்சமிருக்கிறது, நீங்களும் சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்றாள். ரயில்வே யார்டுக்குப் பின்னால் உள்ள தெருவில் போனால் சுருக்கு. அந்தத் தெருவுக்கு நகராட்சியின் பனி அள்ளும் வண்டி வராது என்பது எனக்குத் தெரியும். பாதித் தெருவில் வண்டி சிக்கிக்கொண்டது. இன்ஜினை ஓடவிட்டு, ஹீட்டரை அவள் பக்கம் திருப்பிவிட்டு, பின்னால் இருந்த மண்வெட்டியை எடுத்தேன். நானும் வருகிறேன் என்றாள். அந்த மெல்லிய ஜாக்கெட்டோடா, உட்கார் என்றேன்.

"நார்ப், ஒரு வேடிக்கை சொல்லணும். இத்தன நாளா சொல்லாம வச்சிருந்தேன். ஒங்க கடைக்கு நான் முன்னாடியே..."

"வந்து கேக்கறேன். கதவ மூடு, சூடு போயிரும்."

"சரி. ஆனா கேட்டுட்டு வருத்தப்படக் கூடாது!"

நாலு சக்கரத்தையும் சுற்றி நன்றாக வெட்டி எடுத்தேன். அப்போது ஒருமுறை கண்ணாடியைத் தட்டிக் கையசைத்தாள், நானும் கையசைத்தேன். வெட்டிய பனியைச் சைலன்சர் குழாயில் வைத்து அடைத்தேன். மூன்று கைப்பனி போதுமானதாக இருந்தது. பிறகு உதவி தேடி நடந்தேன். இரண்டு தெரு தள்ளி ஒரு டோனட் கடை திறந்திருந்தது. ஜெல்லி டோனட் இரண்டு சாப்பிட்டேன், காபி மறுபடி ஒருமுறை ஊற்றச் சொன்னேன். ஒரு மணி பத்து நிமிடம் கழித்து இழுவை வண்டிக்குப் போன் செய்தேன். டோனட்டின் மேல் எனக்கு எந்த விரோதமும் இல்லை, ஆனால் ஒரு மனிதன் இரண்டு வாரத்தில் இத்தனை சாப்பிடக் கூடாது.

எழுபத்தேழாம் வருடப் பனிப்புயலில் இந்த ஊரில் பலர், குழாய் அடைபட்டு இன்ஜின் புகை உள்ளே திரும்பி, வண்டிக்குள் அப்படித்தான் தூங்கிப்போனார்கள். வலி தெரியாது என்பார்கள். நான் அதை யோசிக்காமல் இல்லை.

எல்லாரும் விபத்து என்றுதான் சொன்னார்கள். திருமதி பிலார்ஸ்கி தேவாலயத்தில் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு அழுதார். வோஜிக் ஒருவர்தான் கடைக்கு வந்து சுவரைப் பார்த்தபடி வெகுநேரம் நின்றார்.

"பஃபலோல பொறந்த சின்னக் கொழந்தைக்குக்கூடத் தெரியும் மிஸ்டர் ஹான், வண்டி சிக்குனா மொதல்ல சைலன்சர்தான் தோண்டுவோம். அப்புறம்தான் சக்கரம். நீங்க நாலு சக்கரத்தையும் பளிச்சுன்னு வெட்டி வச்சிருக்கீங்க. குழாய்ல பனி உறைஞ்சு போயிருக்கு. அதுல அஞ்சு வெரலும் பதிஞ்சிருக்கு. ஒங்க கையுறையத் தர்றீங்களா?"

தந்தேன். இந்த ஊரில் பிறந்து வளர்ந்த நான் அந்த வரிசையை எப்படி மாற்றினேன் என்று இப்போதும் புரியவில்லை. மனம் வேறு எங்கோ இருந்திருக்கும்.

ஆகவே ஒப்புக்கொள்கிறேன். டனூட்டா பிலார்ஸ்கி என்கிற டீனா பிளேரைக் கொன்றது நான். நினைத்துத்தான் செய்தேன். அவளுக்கு இரண்டாவது சிங்கிள் வரக் கூடாது என்பதற்காகச் செய்தேன். உலகத்திலேயே முதல் பாட்டோடு நின்றுவிட்ட, முழுமையான, ஒரே பாடகி அவள். அதை அவளுக்குக் கொடுத்தது நான். இதை அன்பு என்று யாரும் சொல்லமாட்டார்கள் என்பது தெரியும். நான் சொல்கிறேன்.

இத்துடன் முடித்துக் கையெழுத்திட்டு நீட்டினேன். வோஜிக் நிதானமாகப் படித்தார். பிறகு உறையைப் பிரித்து உள்ளே இருந்ததை மேசையில் வைத்தார், விளிம்பைப் பிடித்து. இன்னும் இரண்டு தாள் கேட்டு வாங்கி மேற்கொண்டு எழுதுகிறேன்.

அது ஒரு போல்கா தட்டு. 'எடி பிலார்ஸ்கியும் ஏரிக்கரைப் பையன்களும்' என்று போட்டிருந்தது. பாட்டு, 'பக்கத்து வீட்டு வாத்து'. பாடியவர் டனூட்டா பிலார்ஸ்கி. வருடம் 1983.

"எடி அவளோட சித்தப்பா," என்றார் வோஜிக். "சாஸேஜ் கடைக்காரர். அப்ப இவளுக்குப் பதினஞ்சு வயசு. என் தங்கச்சி கல்யாணத்துல நாங்க இதுக்குத்தான் ஆடுனோம். சீக்டவாகாவுல இந்தத் தட்டு இல்லாத வீடே கெடையாது."

போலித் தட்டாக இருக்கலாம் என்றேன். எடுத்து விளக்கில் காட்டிப் பார்த்தேன். உள்வளையத்தில் பொறித்திருந்த அச்சு எண் சரியாகத்தான் இருந்தது. எனக்கு அது பார்த்ததும் தெரியும்.

"இது எங்கருந்து வந்துச்சுன்னு கேக்கலியே?" என்றார். அவரே சொன்னார். "அவ அம்மா சொன்னாங்க. மூணு தட்ட எடுத்துட்டு அந்தப் பொண்ணு தனியா பஸ் ஏறி ஒங்க கடைக்கு வந்திருக்கா. ஒரே ஒரு தடவ போட்டுக் கேளுங்க சார்னு கேட்டிருக்கா. நீங்க நிமிந்துகூடப் பாக்கல. போல்காவா, கதவுகிட்ட பெட்டி இருக்கு, அதுல போடுன்னு சொன்னீங்களாம். இன்னிக்கிக் காலையில நானே போய்க் குனிஞ்சு தேடினேன். அப்படியே இருந்துச்சு. இங்க எல்லார்கிட்டயும் ஏற்கெனவே இருக்குல்ல, யாரு வாங்குவா?"

தட்டின் உறை மூலையில் வெள்ளை விலைச்சீட்டு. ஐம்பது சென்ட். ஐந்து என்ற எண்ணுக்கு வால் போட்டு எழுதுவது நான் மட்டும்தான்.

வெளியே யாருடைய மேசையிலோ ரேடியோ பாடிக்கொண்டிருக்கிறது. 'அப்பாவின் கோட்டு'. செய்தி பரவியதும் கம்பெனி அதை முன்கூட்டியே வெளியிட்டுவிட்டதாம். இந்த வாரம் எல்லா ஊரிலும் அதுதான் முதலிடமாம். அப்படியானால் அது இரண்டாவது இல்லை, மூன்றாவது. லிஃப்ட்தான் இரண்டாவது. நான் பதினொரு வாரம் தூக்கிப் பிடித்தது, எழுந்து நின்று கேட்டது, எல்லாம் இரண்டாவது சிங்கிள். அவள் அன்று வண்டியில் சொல்ல வந்ததும் இதுதான். கேட்டுவிட்டு வருத்தப்படக் கூடாது என்றாள். அந்த ஒரு நிமிடம் அவளைப் பேச விட்டிருந்தால் எனக்கு இத்தனை சிரமம் இருந்திருக்காது. முன்பே சொல்லியிருக்கலாம். இந்தக் காலத்துப் பெண்கள் எதையும் நேரத்தில் சொல்வதில்லை.

இதைப் போட்டுக் கேட்க முடியுமா என்று கேட்டேன். இங்கே ரெக்கார்டு பிளேயர் இல்லை என்றார் வோஜிக். இருந்தாலும் போடமாட்டார் என்று அவர் முகத்தில் தெரிந்தது. வேறு ஏதாவது சொல்ல வேண்டுமா என்றார்.

ஒன்றே ஒன்று. இன்னும் இரண்டு பிரதிகள் கடையில், கதவருகே, அந்தப் பெட்டியில் இருக்க வேண்டும். மேலே எப்போதும் பனி சொட்டும். யாரையாவது அனுப்பி எடுக்கச் சொல்லுங்கள், நல்லதாகப் பார்த்து ஒன்றைச் சுவரில், 1983-இல் சேர்க்கச் சொல்லுங்கள். விளிம்பைப் பிடித்து எடுக்கட்டும். அது அவளுடைய முதல் பாட்டு.